சொல்லி முடிக்க விடுகிறதா? குரல் தட்டச்சு: மூன்று மாதப் பாவனைக்குப் பிறகு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோக் கொப்பி, லமினேற்றிங், ரீலோட், அதோடு தமிழ்த் தட்டச்சு. பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வுக் கட்டுரை, பிரதேச செயலகத்துக்குப் போகும் விண்ணப்பம், கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டிச் சடங்குக்கு இறந்தவர் நினைவாக அடிக்கும் கல்வெட்டுப் புத்தகம் என்று எல்லாம் வரும். 16 வருடமாகப் பாமினி எழுத்துருவில் ஓடிய கை. இந்த வருடம் மாசியில் வலது மணிக்கட்டு மடக்க முடியாமல் வலிக்கத் தொடங்கியது. ஆறு கிழமைக்குக் கையை ஆறவிடச் சொன்னார் டொக்டர். பிள்ளைகள் கட்டுரை ஒப்படைக்கும் காலம் அது. கடையைப் பூட்டினால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள்.

"சித்தி, போனுக்குச் சொன்னால் அதுவே எழுதும். நீங்கள் சும்மா கதைச்சால் போதும்" என்றான் பெறாமகன்.

சும்மா கதைப்பதாம். ஐந்து வயதிலிருந்து நான் கொன்னை, திக்கித் திக்கித்தான் பேசுவேன். அவன் பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் அது ஒரு விஷயமாகவே அவனுக்குப் படவில்லை போலும். ஒருவகையில் சந்தோஷம்தான். ஆனால் நான் தட்டச்சுப் பழகியதே வாயைத் திறக்காமல் பிழைக்கலாம் என்றுதான். 39 வயதில் அந்தத் தொழிலே என்னைப் பேசச் சொல்லுகிறது.

சரி, பேசிப் பார்த்தேன். மூன்று மாதம், மூன்று விதமாக. உலகத்தில் நூறு பேரில் ஒருவருக்குத் திக்கு இருக்கிறது, ஏறத்தாழ எட்டுக் கோடிப் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். பெரியவர்களில் நாலு ஆணுக்கு ஒரு பெண் என்ற அளவில்தான் பெண்கள். அந்த எட்டுக் கோடியில் தமிழில் கடிதம் எழுதுகிறவர்கள் யாராவது இதைத் தேடிக்கொண்டிருந்தால் அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் போனின் கீபோட்டில் இருக்கும் மைக். தமிழில் குரலால் எழுதுவது புதுச் சங்கதி இல்லை. கூகுள் 2017 ஓகஸ்டிலேயே தமிழைச் சேர்த்துவிட்டது, பிறகு மற்றவர்களும் வந்தார்கள். நான் பாவித்த கீபோட்டின் பெயரை விடுகிறேன். போன் வாங்கிய கடையிலேயே போட்டுத் தந்த ஒன்று.

முதல் நாள் வந்தது ஒரு ஐயாவின் கடிதம், காணி உறுதி தொலைந்த விஷயம். கடிதத்தின் முதல் சொல்லே "கனம்". எனக்கு 'க' எப்போதும் பூட்டு. நாக்கின் அடி மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், தொண்டை இறுகும், சத்தம் ஒன்றும் வராது. பார்க்கிறவருக்கு நான் யோசிப்பது போலத் தெரியும். உள்ளே சொல் முழுசாக நிற்கிறது, கதவுதான் திறக்கவில்லை. மூன்று செக்கன் இருக்கும். போன் 'டிங்' என்று மைக்கை மூடிவிட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடி 'டிங்'. நாலாவது தரம், அது மூடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று பாய்ந்ததில் "கக்கனம் ஐயா" என்று வந்தது. திரையில் விழுந்தது: "கக்கன் ஐயா". தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் அமைச்சராக இருந்த கக்கனுக்கு யாழ்ப்பாணத்துக் காணிப் பிரச்சினை போய்விட்டது.

ஐயா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனைக் காட்டிக் கேட்டார், "பிள்ளை, மெசினுக்குக் காது கேக்கேல்லையோ?"

வழக்கமாக இப்படியான இடத்தில் என்னைத்தான் பார்ப்பார்கள், பாவம் என்ற முகத்தோடு. அவர் மெசினைப் பிழை சொன்னார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சம் எல்லாவற்றையும் சோதித்தேன்.

காது கேட்காமல் இல்லை. அதற்குள் இரண்டு வேலை நடக்கிறது. என்ன சொல் என்று கண்டுபிடிப்பது ஒன்று. ஆள் பேசி முடித்துவிட்டாரா என்று தீர்மானிப்பது மற்றது. இரண்டாவதைப் பெரும்பாலும் மௌனத்தை வைத்துத்தான் அளக்கிறது. இத்தனை நேரம் சத்தமில்லையா, சரி, முடிந்தது, மூடு. அந்த 'இத்தனை நேரம்' சரளமாகப் பேசுகிறவர்களின் மூச்சுக்கு அளவெடுத்துத் தைத்தது. பள்ளிக்கூடத்தில் மாத்திரை படித்தோமே, கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. என்னுடைய 'க்' சில நாட்களில் பத்து மாத்திரைக்குப் போகும். அளபெடை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை, ஒற்றளபெடையில் வல்லினம் வராது. போனை விட இலக்கணம் கொஞ்சம் நேர்மை, வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டது.

பூட்டு ஒருவகை. இழுப்பு இன்னொன்று. இழுத்தால் தமிழில் தனி வில்லங்கம், குறில் நெடிலாகிவிட்டால் சொல்லே வேறாகிவிடும். எங்கள் ஊர்க் கோயில் திருவிழா நோட்டீஸில் "கொடியேற்றம்" என்பதை எப்படியோ 'க'வைத் தாண்டி, 'ஒ'வில் கொஞ்சம் தொங்கிச் சொல்லி முடித்தேன். வந்தது "கோடி ஏற்றம்". கோயில் தலைவர் அதைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். "படம்" பாடம் ஆனது, "விடு" வீடு ஆனது, அன்னதான வரியில் இருந்த "வடை" வாடை ஆனது. மனிதர் கேட்டால் நான் எதைச் சொல்ல வந்தேன் என்று சுற்றி நிற்கும் சொற்களை வைத்துப் பிடித்துவிடுவார். இதற்கும் அந்தக் கெட்டித்தனம் இருக்கிறது, வசனம் நீண்டால் சிலவேளை பின்னால் போய்த் தானே திருத்துகிறது. ஆனால் நீண்ட வசனத்தைச் சொல்லி முடிக்க அது விட்டால்தானே.

அப்புறம் திரும்பத் திரும்ப வருவது. இதில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஒரு கல்வெட்டுக்கு, பிள்ளைகள் அம்மாவை நினைத்து எழுதிய வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நினைத்து நினைத்து அழுகின்றோம்" என்று ஒரு வரி. அன்று நல்ல நாள், திக்காமல் சொன்னேன். திரையில் "நினைத்து அழுகின்றோம்". இரண்டு தரம் சொன்னது தடுமாற்றம் என்று எண்ணி ஒன்றைத் துடைத்துவிட்டது, அந்தப் பிள்ளைகளின் அழுகையில் பாதியை. சரி, திருத்துவோம் என்று திரும்பச் சொன்னபோது திக்கியது: "நி நி நினைத்து". அதை மட்டும் ஒன்று விடாமல் எழுதியது: "நீ நீ நினைத்து". துடைக்க வேண்டியதை வைத்து, வைக்க வேண்டியதைத் துடைத்து. அடுக்கிச் சொல்வது எங்கள் மொழியில் ஒரு அழகு. மெல்ல மெல்ல, தேடித் தேடி, சின்னச் சின்ன. திக்கு எது, அடுக்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒன்றிடம் கல்வெட்டு வேலையைக் கொடுக்கக் கூடாது. அன்று இடது கையால் அடித்து முடித்தேன்.

யாழ்ப்பாணப் பேச்சு வேறு. பிறகு வருகிறேன் என்பதற்கு "பேந்து வாறன்" என்றால் பேருந்து வருகிறது. "கொன்னை" என்றால் கொன்றை மலர்கிறது. இதையெல்லாம் சரளமாகப் பேசுகிறவர்களும் அனுபவிக்கிறார்கள், அதனால் நீட்டவில்லை.

இரண்டாவது, ரொறன்ரோவில் இருக்கும் மாமா கழித்துவிட்ட ஐபோன். இதில் உள்ள 'சிரி' என்ற குரல் உதவியாளருக்குத் தமிழ் தெரியாது என்பதால் கடை வேலைக்கு உதவாது. கோல் எடுக்க, அலாரம் வைக்க, ஞாபகக் குறிப்புப் போட மட்டும், அதுவும் ஆங்கிலத்தில். ஆனால் இரண்டு விஷயத்துக்காக இதைப் பற்றி எழுதத்தான் வேண்டும். அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியில் சிரியைத் திறந்தால், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று மூன்று தெரிவு இருக்கிறது: வழக்கமானது, நீளமானது, மிக நீளமானது. 2022இல் வந்த ஐபோன் மென்பொருளின் பதினாறாம் பதிப்பிலிருந்து உண்டு. மற்றது, பக்கத்துப் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரைக்கும் அது கேட்டுக்கொண்டே இருக்கும், விரலை எடுத்தால்தான் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும்.

இந்த இரண்டாவதைக் கேட்டால் சின்ன விஷயம் போல இருக்கும். கோல் என்ற சொல்லே 'க'வில்தான் தொடங்குகிறது. தங்கச்சிக்குக் கோல் எடுக்கப் பட்டனைப் பிடித்தேன், வழக்கம் போலப் பூட்டு விழுந்தது. கடைச் சுவரில் மணிக்கூடு இருக்கிறது, பார்த்தேன், எட்டுச் செக்கன். அது சத்தம் போடவில்லை, மூடவில்லை, "மன்னிக்கவும், விளங்கவில்லை" என்று சொல்லவில்லை. விரல் நுனி வெள்ளையாகும் அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தேன். பிறகு சொல் வந்தது, சொன்னேன், விரலை எடுத்தேன், அந்தப் பக்கம் மணி அடித்தது. என்னோடு கதைக்கிற பாதிப் பேர் இரண்டாவது செக்கனிலேயே "ஆறுதலாச் சொல்லும், ஆறுதலாச் சொல்லும்" என்று தொடங்கிவிடுவார்கள். அப்படிச் சொன்னால் இன்னும் இறுகும் என்பது கொன்னைக்காரருக்கு மட்டும் தெரிந்த இரகசியம்.

ஏன் இந்த இரண்டும் எல்லாக் கீபோட்டிலும் இல்லை என்று பெறாமகனைப் பிடித்துக் கேட்டேன். அவன் கணினி படிக்கிறவன், தேடி எடுத்துத் தந்தான். ஆப்பிளின் ஆய்வாளர்கள் 2021இல் திக்கிப் பேசுகிறவர்கள் நடத்தும் பொட்காஸ்டுகளிலிருந்து மூன்று செக்கன் துண்டுகளாக 28,000 எடுத்து, எதில் பூட்டு, எதில் இழுப்பு, எதில் திரும்பச் சொல்லல் என்று குறித்து வெளியிட்டிருக்கிறார்கள். 2023இல் திக்குகிற 91 பேரின் குரலை வைத்துச் சோதித்து, மூன்று திருத்தம் செய்து பார்த்ததில், பாதியில் வெட்டுவது 79.1 சதவீதம் குறைந்திருக்கிறது. சொற்பிழை 25.4 சதவீதத்திலிருந்து 9.9க்கு இறங்கியிருக்கிறது. நாலு சொல்லில் ஒன்று பிழைத்த இடத்தில் இப்போது பத்தில் ஒன்று. அந்தத் திருத்தங்களில் ஒன்று, மௌனத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுப்பது. ஐயா கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. மெசினுக்குத்தான் காது கேட்கவில்லை, கழுவினால் கேட்கும்.

ஆங்கிலத்துக்கு வெளியிலும் நடக்கிறது. சீன மொழியில் திக்கிப் பேசும் 70 பேர் தங்கள் குரலைக் கொடுத்து ஒரு தொகுப்பு 2024இல் வெளியாகியிருக்கிறது, திக்குகிறவர்களின் அமைப்பே அதில் கைகோத்திருக்கிறது. தமிழில் யாராவது இப்படிச் சேர்க்கத் தொடங்கினால் என் குரலையும் எழுதிக்கொள்ளுங்கள். பூட்டும் இழுப்பும் தாராளமாகத் தருவேன், காசு வேண்டாம்.

இடையில் ஒரு முறைப்பாடு. கணக்கு விஷயமாக ஒரு வங்கிக்குக் கோல் எடுத்தேன். பட்டன் அமத்தச் சொன்ன வரைக்கும் சோலி இல்லை. தமிழுக்கு ஒன்று, கணக்குக்கு மூன்று, எல்லாம் சுகமாகப் போனது. பிறகு ஆள் வந்து "உங்கட பெயரைச் சொல்லுங்கோ" என்றது. கொன்னைக்காரருக்குச் சொந்தப் பெயரைப் போலக் கஷ்டமான சொல் உலகத்தில் இல்லை. கடையில் 'கொப்பி' வராவிட்டால் 'பிரதி' என்று மாற்றிவிடுவேன், 'கடதாசி' வராவிட்டால் 'தாள்'. பெயருக்கு ஒத்த சொல் எங்கே போவது? "ஹலோ, ஹலோ, லைன் கிளியர் இல்லை" என்று வெட்டிவிட்டார்கள். மூன்று தரம். கடைசியில் ஓட்டோவில் நேரே போய் அடையாள அட்டையை நீட்டினேன். நானூறு ரூபா. குரலால் எல்லாம் செய்யலாம் என்று விளம்பரம் போடுகிறவர்கள் பட்டனைக் கழற்றிவிடாதிருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன், இப்போது நான் பாவிப்பது இதுதான். நேரே எழுதச் சொல்லாமல், முதலில் குரலைப் பதிந்துகொண்டு, அந்தக் கோப்பை எழுத்தாக்கித் தரும் இலவசக் கருவி ஒன்றில் போடுவது. பதிவதற்குத் தனிச் செயலி கூட வேண்டாம். வட்சப்பில் எனக்கு நானே குரல் செய்தி அனுப்புகிறேன். மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பிறகு கையை எடுத்துவிட்டு எவ்வளவு நேரமும் கதைக்கலாம். எனக்கு நல்லது செய்கிற ஒரே பூட்டு.

இதில் அவசரம் இல்லை என்பதால் திக்கே குறைகிறது. 'டிங்' வரப்போகிறது என்ற பயம் இல்லாவிட்டால் 'க' கூடப் பத்துக்கு ஆறு தரம் சும்மா வந்துவிடுகிறது. எழுத்தும் மோசமில்லை. "நி நி நினைத்து" என்றால் நினைத்து என்று ஒன்றுதான் எழுதும். "நினைத்து நினைத்து" என்றால் பெரும்பாலும் இரண்டையும் வைக்கும். ஆய்வுக் கட்டுரைத் தமிழ், கடிதத் தமிழ் இரண்டுக்கும் போதும். ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு இடம் திருத்த வேண்டி வரும், ற-ர, ள-ல-ழ குழப்பம்தான் கூட.

ஒரு பெரிய குறை இருக்கிறது. நான் பூட்டி நிற்கும் மௌனத்தில் அது சும்மா இராது. தானே ஏதாவது எழுதும். ஐயாவின் காணிக் கடிதத்தை இதில் திரும்பச் செய்தபோது வந்த வரி: "மேற்படி நன்றி வணக்கம் காணியின் உறுதி தொலைந்துள்ளதால்". நான் சொல்லவே இல்லை. 'காணி'யில் நின்ற ஐந்து செக்கனுக்குள் அது ஒரு கூட்டத்தை நடத்தி முடித்து நன்றியுரையும் சொல்லிவிட்டது. இது எனக்கு மட்டும் நடக்கிற கூத்து இல்லை. இந்த வகைக் கருவிகளில் பெயர்பெற்ற விஸ்பரை ஆராய்ந்து 2024இல் வந்த கட்டுரை ஒன்று, ஏறக்குறைய 1 சதவீதப் பதிவுகளில் யாரும் பேசாத வசனங்கள் முளைத்திருப்பதாகச் சொல்கிறது. மூளைப் பாதிப்பால் பேச்சு தடைப்பட்டவர்களின் பதிவுகளில் அது கூட, அவர்கள் பேச்சில் மௌனம் கூட என்பதால். இணையத்துக் காணொளிகளையும் அவற்றின் எழுத்து வரிகளையும் கேட்டுப் பழகியவை இவை. காணொளி முடிந்து சத்தம் அடங்கும் இடத்தில் என்ன எழுதியிருக்கும்? பார்த்தமைக்கு நன்றி என்றுதானே. அதனால் மௌனம் என்றாலே நன்றி என்று நினைத்துக்கொள்கிறது. கடிதம், சத்தியக் கடதாசி, மருத்துவ அறிக்கை எதையும் இதில் போட்டு வாசிக்காமல் அச்சடிக்கக் கூடாது. முன்பு ஒரு தரம் வாசித்துக் கொடுத்தேன், இப்போது இரண்டு தரம்.

புள்ளி கேட்பவர்களுக்கு: கீபோட் மைக்குக்கு ஐந்தில் ஒன்றரை, அந்த அரை என் சரளமான நாட்களுக்கு. ஐபோனின் அழுத்திப் பிடிக்கும் பட்டனுக்கு நாலரை, தமிழ் இல்லாததற்காக இரண்டைக் கழிக்க வேண்டி இருக்கிறது. பதிந்து எழுதுவதற்கு மூன்றரை. தமிழ்க் கீபோட் செய்கிற யாராவது இதை வாசித்தால், புதுசாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். மைக் படத்தை அழுத்திப் பிடித்தால் திறந்திருக்கட்டும், எடுத்தால் மூடட்டும். அந்த ஒன்றுக்கு நான் மாதம் முந்நூறு ரூபா கட்டுவேன்.

கை இப்போது பரவாயில்லை, ஒரு நாளைக்கு நாலு பக்கம் அடிக்கிறேன், மிச்சம் வட்சப். போன கிழமை ஒரு பிள்ளையின் கட்டுரை, கடைசியாக நன்றியுரைப் பக்கம். மேற்பார்வையாளரின் பெயருக்கு முன்னால் "கலாநிதி". 'க'. நின்றுவிட்டேன். கோப்பைப் போட்டு எடுத்தால், "எனது மேற்பார்வையாளர் நன்றி நன்றி கலாநிதி" என்று இருந்தது. கண் தப்பி அப்படியே அச்சாகிவிட்டது. பிள்ளை வாசித்துப் பார்த்து, "அக்கா, இதில ரெண்டு நன்றி கூட விழுந்திருக்கு" என்றாள்.

"மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை, எடுத்துவிடுறன்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "ஒண்டை எடுங்கோ அக்கா. மற்றது இருக்கட்டும், சேருக்குப் பிடிக்கும்."